வார எண்: தேதியைக் கையாளும் மென்பொருளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் கணக்கில் 2026க்கு 53 வாரங்கள். அதன் கடைசி வாரம் 2027 ஜனவரி 3 வரை நீள்கிறது. வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிய கோட் தடுமாறுவது இந்த மாதிரி வருடக் கடைசியில்தான். விற்பனை ரிப்போர்ட், டெலிவரி அட்டவணை, வாரச் சம்பளம் என்று எதிலாவது வார எண்ணைப் போட்டிருந்தால் கீழே உள்ளதை ஒருமுறை படித்துவிடுங்கள். உதாரணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு தேதிகளையே எடுத்துக்கொள்கிறேன்: 2026 தீபாவளி, அதாவது நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் 2027 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை.

வார எண்ணையெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள்?

நமக்கு மாதமும் தேதியும் சொல்லித்தான் பழக்கம், அதனால் இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் ஜெர்மனியிலும் சுவீடன், டென்மார்க் பக்கமும் "45-ஆம் வாரம் அனுப்பிவிடுகிறோம்" என்றுதான் சாதாரணமாகப் பேசுவார்கள். சுவீடனில் பள்ளிகளுக்குக் குளிர்காலத்தில் ஒரு வார விடுமுறை உண்டு. கோத்தன்பர்க்கில் அது 7-ஆம் வாரம், ஸ்டாக்ஹோமில் 9-ஆம் வாரம். தேதி மாறினாலும் வார எண் மாறாது. ஜெர்மன் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகமோ மென்பொருளோ செய்துகொடுக்கும் சென்னைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம், கெடு தேதி வார எண்ணாகத்தான் வந்து சேரும். வீட்டு வாசலிலேயே ஒரு உதாரணம் வேண்டுமென்றால் வண்டி டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: 3523 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2023-இன் 35-ஆம் வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். நான்கு இலக்கமாக எழுதுவது 2000-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

ஐஎஸ்ஓ 8601 சொல்லும் விதி என்ன?

வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். வருடத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் விழுகிறதோ அதுதான் 1-ஆம் வாரம். அவ்வளவுதான் விதி. ஜனவரி 4 இருக்கும் வாரம்தான் 1-ஆம் வாரம் என்று சொன்னாலும் அதே விடைதான் வரும், சிலருக்கு இப்படி நினைவில் வைப்பது சுலபமாக இருக்கும்.

இந்த எண்ணும் முறைக்கு 1976-இலேயே ஐஎஸ்ஓ 2015 என்று தனித் தரநிலை இருந்தது. (அந்த 2015 தரநிலையின் எண், வருடம் இல்லை.) 1988-இல் ஐஎஸ்ஓ 8601 வந்தபோது தேதி, நேரம் எழுதும் மற்ற விதிகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

ஏன் வியாழன்?

திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணினால் வியாழன் நடுவில் வருகிறது. வியாழன் எந்த வருடத்தில் இருக்கிறதோ அந்த வருடத்தில்தான் அந்த வாரத்தின் நான்கு நாட்களாவது இருக்கும். ஆக, வாரத்தின் பெரும்பகுதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு முழு வாரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். எந்த வாரத்தையும் இரண்டாக வெட்டுவதே இல்லை, எல்லா வாரத்துக்கும் சரியாக ஏழு நாள். வார வாரியாக விற்பனையை ஒப்பிடுகிறவர்களுக்கு இந்த ஒரு குணமே போதும், நான் ஐஎஸ்ஓ முறையைப் பரிந்துரைப்பதற்கும் முதல் காரணம் இதுதான்.

அப்படியென்றால் ஜனவரி 1 போன வருடத்து வாரத்தில் விழுமா?

விழும். வார எண் விவகாரத்தில் முக்கால்வாசிப் பிழைகளுக்கு வேர் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2027 ஜனவரி 1 வெள்ளி. அந்த வாரத்தின் வியாழன் 2026 டிசம்பர் 31. எனவே அந்த வாரம் 2026-க்குச் சொந்தம், 53-ஆம் வாரம். ஜனவரி 2, 3 தேதிகளும் அதில்தான். 2027-இன் 1-ஆம் வாரம் ஜனவரி 4 திங்கட்கிழமைதான் ஆரம்பிக்கிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை, அந்த வாரத்தின் வியாழன் 2025 ஜனவரி 2, ஆகவே டிசம்பர் 30-உம் 31-உம் 2025-இன் 1-ஆம் வாரம். டிசம்பர் 29, 30, 31 அடுத்த வருடத்துக்குப் போகலாம். ஜனவரி 1, 2, 3 போன வருடத்துக்குப் போகலாம். இந்த ஆறு நாட்களைத் தவிர வேறு எந்த நாளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

இதனால் ஒரு தேதிக்கு இரண்டு வருடங்கள் உண்டாகின்றன. ஒன்று நாட்காட்டி வருடம், இன்னொன்று அந்த வாரம் சேர்ந்திருக்கும் வருடம். இரண்டாவதை இங்கே வார வருடம் என்று சொல்கிறேன். வார எண்ணை எழுதும்போது பக்கத்தில் வார வருடம்தான் நிற்க வேண்டும், நாட்காட்டி வருடம் நிற்கவே கூடாது. 2024 டிசம்பர் 30-க்கு நாட்காட்டி வருடத்தையும் ஐஎஸ்ஓ வார எண்ணையும் ஒட்டினால் "2024, வாரம் 1" என்று வரும். அது 2024 ஜனவரி முதல் வாரத்தின் பெயர். ரிப்போர்ட்டில் டிசம்பர் கடைசி விற்பனை போய் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய வாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கூட்டுத்தொகை சரியாகவே இருப்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். 2027 ஜனவரி 1-க்கு அதே தவறைச் செய்தால் "2027, வாரம் 53" என்று இல்லாத ஒரு வாரம் பிறந்து, வரிசைப்படுத்தும்போது 2027-இன் கடைசிக்குப் போய்விடும்.

எந்தெந்த வருடத்துக்கு 53 வாரம்?

ஜனவரி 1 வியாழனாக இருக்கும் வருடங்களுக்கும், ஜனவரி 1 புதனாக இருக்கும் லீப் வருடங்களுக்கும். 2004, 2009, 2015, 2020, 2026, 2032, 2037 என்று பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு வருடத்துக்கு ஒருமுறை வரும். கிரிகோரியன் நாட்காட்டி 400 வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் அதே வரிசைக்கு வருகிறது; 400 வருடத்தில் 1,46,097 நாட்கள், ஏழால் வகுத்தால் மீதி இல்லாமல் 20,871 வாரங்கள். வருடத்துக்கு 52 என்றால் 20,800தான், மிச்சம் 71. ஆக 400-இல் 71 வருடங்கள் 53 வாரம் கொண்டவை.

கோட்டில் ஒரு வருடத்துக்கு எத்தனை வாரம் என்று தெரிய வேண்டுமென்றால் டிசம்பர் 28-இன் வார எண்ணைக் கேளுங்கள். அந்தத் தேதி எப்போதும் அந்த வருடத்தின் கடைசி வாரத்தில்தான் இருக்கும். டிசம்பர் 31-ஐக் கேட்டால் சில வருடம் 1 என்று பதில் வந்துவிடும்.

எல்லோரும் ஐஎஸ்ஓ முறையைத்தான் பின்பற்றுகிறார்களா?

இல்லை. அமெரிக்கப் பழக்கத்தில் வாரம் ஞாயிறு தொடங்கும், ஜனவரி 1 இருக்கும் வாரமே 1-ஆம் வாரம், அதில் ஒரே ஒரு நாள் இருந்தாலும் சரி. எகிப்து போன்ற நாடுகளில் வாரம் சனிக்கிழமை தொடங்குகிறது. யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் இதற்காக இரண்டு விஷயங்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்: வாரத்தின் முதல் நாள் எது, முதல் வாரம் என்று ஏற்க குறைந்தது எத்தனை நாள் புது வருடத்தில் இருக்க வேண்டும். இந்தியாவுக்கு ஞாயிறு, ஒரு நாள். ஜெர்மனிக்குத் திங்கள், நான்கு நாள். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், ஜாவா, உலாவிகள் எல்லாம் இந்தத் தரவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அதாவது ஃபோனில் லொகேல், மொழியும் நாடும் சொல்லும் அமைப்பு, இந்தியாவாக இருந்தால் ஒரு வார எண், ஜெர்மன் லொகேல் இருந்தால் வேறொரு வார எண்.

அப்படி ஒரே தேதிக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்?

தீபாவளியையே எடுத்துக்கொள்வோம், 2026 நவம்பர் 8. ஐஎஸ்ஓ கணக்கில் 45. எக்செல்லின் வீக்நம் ஃபங்ஷனை எதுவும் மாற்றாமல் கூப்பிட்டால் 46. சி மொழியில் தேதியை எழுத்தாக்கும் எஸ்டிஆர்எஃப்டைமில் சதவீதக் குறியோடு பெரிய யூ (கேபிடல் எழுத்து) போட்டால் 45, பெரிய டபிள்யூ போட்டால் 44. ஒரே நாளுக்கு மூன்று வேறு எண்கள். இதில் பெரிய யூ கொடுத்த 45-உம் ஐஎஸ்ஓவின் 45-உம் ஒத்துப்போனது தற்செயல்தான், மறுநாள் திங்கட்கிழமையே ஐஎஸ்ஓ 46-க்குப் போய்விடும், பெரிய யூ 45-லேயே நிற்கும். ஒரே ஒரு தேதியில் சோதித்துப் பார்த்து "ரெண்டும் ஒன்றுதான்" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

வாரம் 0 எங்கிருந்து வருகிறது? 54 எப்படி?

மேலே சொன்ன பெரிய யூ வகையில் வருடத்தின் முதல் ஞாயிறு வந்த பிறகுதான் 1-ஆம் வாரம். அதற்கு முந்தைய நாட்கள் வாரம் 0. பெரிய டபிள்யூவிலும் அப்படியே, ஆனால் திங்கட்கிழமையை வைத்து. மைஎஸ்க்யூஎல் தானாகப் பயன்படுத்தும் முறையும் 0-இல் தொடங்குவதுதான்.

54 வருவது அமெரிக்க முறையில், லீப் வருடம் சனிக்கிழமை தொடங்கினால். ஜனவரி 1 மட்டும் தனியாக 1-ஆம் வாரம், டிசம்பர் 31 ஞாயிறாகி அது மட்டும் தனியாக 54-ஆம் வாரம். 2000-இல் நடந்தது, அடுத்தது 2028. வார எண் 53-ஐத் தாண்டாது என்று நம்பி டேபிளில் வரம்பு வைத்திருப்பவர்கள் 2028 டிசம்பர் 31-ஐ இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

தேதி ஃபார்மேட்டில் பெரிய ஒய் போடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

ஜாவாவிலும் ஐஓஎஸ்ஸிலும், யூனிகோட் ஃபார்மேட் எழுத்துகளைப் பின்பற்றும் மற்ற எல்லா இடங்களிலும், சிறிய ஒய் என்றால் நாட்காட்டி வருடம், பெரிய ஒய் என்றால் வார வருடம். தேதியை வருடம்-மாதம்-நாள் என்று எழுதும்போது நான்கு பெரிய ஒய்யைத் தட்டிவிட்டால் மாதமும் நாளும் நாட்காட்டியிலிருந்து வரும், வருடம் மட்டும் வார வருடமாக வரும். வருடத்தில் பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்று என்பதால் டெஸ்ட் எல்லாம் தேறிவிடும், கோட் மார்ச்சில் வெளியாகும், டிசம்பர் கடைசியில் உடையும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி, பெரிய ஒய் லொகேலைப் பொறுத்தது. 2026 கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அல்லது அமெரிக்க லொகேலில் ஓடும் சர்வரில் டிசம்பர் 27 ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் வாரத்தில் ஜனவரி 1 இருக்கிறது, எனவே அந்த வாரம் 2027-இன் முதல் வாரம். டிசம்பர் 27 முதல் 31 வரை தேதிகள் 2027-12-27, 2027-12-28 என்று ஒரு வருடம் முன்னே போய் அச்சாகும். அதே கோட் ஜெர்மன் லொகேலில் ஓடினால் டிசம்பரில் ஒன்றும் ஆகாது, ஜனவரி 1, 2, 3 தேதிகள் 2026-01-01, 2026-01-02, 2026-01-03 என்று ஒரு வருடம் பின்னே போகும். கெட்டுப்போவது ஒரே வரி, ஆனால் ஒரு ஊரில் டிசம்பரில் முன்னே ஓடுகிறது, இன்னொரு ஊரில் ஜனவரியில் பின்னே ஓடுகிறது. உங்கள் கணினியில் பிழை வரவில்லை என்பதை வைத்து வாடிக்கையாளரின் சர்வரிலும் வராது என்று சொல்ல முடியாது.

ஜாவாவில் இந்த எழுத்து பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டுக்கு ஜாவா 7-இல் சேர்ந்தது. ஜாவா 9 முதல் லொகேல் தரவு சிஎல்டிஆரிலிருந்து வருவது இயல்பாகிவிட்டது, ஆகவே 8-இலிருந்து மேலே போகிறவர்கள் லொகேலை நம்பி எழுதிய வார எண்களைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஆப்பிளின் வழிகாட்டி ஆவணம் பெரிய ஒய்யைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டேட்-எஃப்என்எஸ் லைப்ரரி இன்னும் ஒரு படி மேலே போய், தனியாக அனுமதி கொடுக்காவிட்டால் பெரிய ஒய்யைப் பார்த்ததும் பிழை எறிந்துவிடும். அது நல்ல முடிவு என்பது என் கருத்து, மற்ற லைப்ரரிகளும் அப்படிச் செய்தால் எத்தனையோ டிசம்பர்கள் அமைதியாகக் கழியும்.

பெரிய கம்பெனிகளிலும் இது நடந்திருக்கிறதா?

2014 டிசம்பர் 29-இல் ட்விட்டரில் நடந்தது. ஆண்ட்ராய்டு செயலியில் இருந்தவர்கள் பலர் திடீரென்று வெளியேற்றப்பட்டார்கள், ட்விட்டரின் இன்னொரு செயலியான ட்வீட்டெக்கில் புதிய ட்வீட்டுகள் ஒரு வருடம் பழையவையாகத் தெரிந்தன. ட்விட்டர் சர்வர் தன் பதில்களில் வருடத்தை 2015 என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமை, ஐஎஸ்ஓ கணக்கில் 2015-இன் 1-ஆம் வாரத்தின் முதல் நாள். யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தாண்டியதும் பிரச்சனை ஆரம்பித்தது என்பதை வைத்து, வருடத்துக்குப் பதிலாக வார வருடம் ஃபார்மேட்டில் நுழைந்திருக்கிறது என்று மென்பொருள் எழுதுபவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள்.

எக்செல்லில் என்ன செய்வது?

ஐசோவீக்நம் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், எக்செல் 2013 முதல் இருக்கிறது, கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. பழைய கோப்பில் வீக்நம்தான் வேண்டுமென்றால் இரண்டாவது மதிப்பாக 21 கொடுத்தால் ஐஎஸ்ஓ கணக்கு வரும். 2 கொடுத்தால் ஐஎஸ்ஓ ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு; அது வாரத் தொடக்கத்தைத் திங்களாக்கும், அவ்வளவுதான், 1-ஆம் வாரம் அப்போதும் ஜனவரி 1-இலேயே தொடங்கும். வார வருடத்துக்கு எக்செல்லில் ஃபங்ஷன் கிடையாது. அந்தத் தேதியின் வாரத்து வியாழனைக் கண்டுபிடித்து அதன் வருடத்தை எடுக்க வேண்டும்: திங்கள் 1, ஞாயிறு 7 என்று வரும்படி கிழமை எண்ணை வாங்கி, தேதியிலிருந்து அதைக் கழித்து 4-ஐக் கூட்டினால் வியாழன் கிடைக்கும்.

டேட்டாபேஸ்களில்?

போஸ்ட்கிரெஸ்ஸில் கவலை குறைவு. எக்ஸ்ட்ராக்ட்டில் வீக் என்று கேட்டால் ஐஎஸ்ஓ எண், ஐசோஇயர் என்று கேட்டால் வார வருடம், டேட்ட்ரங்க்கில் வீக் என்றால் திங்கட்கிழமை. ஆனால் டூசார் ஃபார்மேட்டில் டபிள்யூ இரண்டு போடுவதும் ஐ-யும் டபிள்யூவும் போடுவதும் வேறு வேறு. முதலாவது ஜனவரி 1-இலிருந்து ஏழேழு நாளாக எண்ணுவது, கிழமையைப் பார்க்கவே பார்க்காது. ஆரக்கிளிலும் இதே நிலைதான்.

மைஎஸ்க்யூஎல்லில் வீக் ஃபங்ஷனுக்கு 0 முதல் 7 வரை எட்டு முறைகள் இருக்கின்றன, முறையைச் சொல்லாவிட்டால் சர்வர் அமைப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். சர்வர் அமைப்பை யாரோ மாற்றினால் உங்கள் குவெரியின் விடை மாறும் என்பது எனக்குப் பிடிக்காத விஷயம், ஆகவே எப்போதும் 3 என்று எழுதிவிடுங்கள், அதுதான் ஐஎஸ்ஓ. அதைவிட நல்லது இயர்வீக் ஃபங்ஷனை 3-உடன் கூப்பிடுவது, 2027 ஜனவரி 1-க்கு 202653 என்று வார வருடத்தையும் சேர்த்தே கொடுக்கும். 3 போடாமல் விட்டால் இதே தேதிக்கு 202652 வரும். இன்னொன்று, சி மொழியில் பெரிய வி என்றால் ஐஎஸ்ஓ வாரம். மைஎஸ்க்யூஎல்லின் டேட்ஃபார்மேட்டில் பெரிய வி ஞாயிறு தொடங்கும் வாரம், சிறிய விதான் திங்கள் தொடங்கும் வாரம். பைத்தானிலிருந்து ஃபார்மேட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர்கள் இங்கே சிக்குகிறார்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் 2008 பதிப்பிலிருந்து டேட்பார்ட்டில் ஐசோவீக் இருக்கிறது, வெறும் வீக் என்றால் ஜனவரி 1 கணக்கு. வார வருடம் இல்லை, வியாழன் வழியைத்தான் பிடிக்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் ஐஎஸ்ஓ வாரத்துக்கான குறிகள் 2024-இல் வந்த 3.46 பதிப்பில்தான் சேர்ந்தன. ஃபோன்களில் பழைய பதிப்பு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நிரலாக்க மொழிகளில் எதை நம்பலாம்?

கோ மொழியின் ஐசோவீக் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. கேட்டால் வருடம், வாரம் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்கிறது, தனியாக வாரத்தை மட்டும் வாங்க வழியே இல்லை. பைத்தானின் ஐசோகேலண்டரும் வருடம், வாரம், கிழமை மூன்றையும் தரும், 3.8-இலிருந்து எதிர்த்திசைக்கு ஃப்ரம்ஐசோகேலண்டர் இருக்கிறது. பைத்தானில் ஃபார்மேட் வழியாகப் போனால் பெரிய ஜி-யையும் பெரிய வி-யையும் ஜோடியாகப் போடுங்கள். பெரிய ஒய்யோடு (பைத்தானில் அது நாட்காட்டி வருடம்) பெரிய வி-யைக் கலந்து தேதியைப் படிக்கச் சொன்னால் பைத்தான் மறுத்துப் பிழை காட்டும், ஆனால் அதே கலவையில் எழுதச் சொன்னால் ஒன்றும் சொல்லாமல் எழுதிவிடும்.

ஜாவாவில் வீக்ஃபீல்ட்ஸின் ஐஎஸ்ஓ மதிப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், லொகேலிடம் விடாதீர்கள். பிஎச்பியில் வாரத்துக்குப் பெரிய டபிள்யூ, வார வருடத்துக்குச் சிறிய ஓ. ரூபியில் சிவீக், சிடபிள்யூஇயர். டாட்நெட்டில் ஒரு பொறி இருக்கிறது: முதல் நான்கு நாள் விதியையும் திங்கட்கிழமையையும் கொடுத்து கெட்வீக்ஆஃப்இயரைக் கூப்பிட்டால் பார்க்க ஐஎஸ்ஓ போலவே இருக்கும், ஆனால் 2012 டிசம்பர் 31-க்கு 53 என்று சொல்லும், ஐஎஸ்ஓ கணக்கில் அது 2013-இன் 1-ஆம் வாரம். டாட்நெட் கோர் 3.0-இல் வந்த ஐசோவீக் வகுப்பு சரியான விடை தரும். ஜாவாஸ்கிரிப்டின் பழைய டேட் பொருளுக்கு வார எண்ணே தெரியாது. புதிய டெம்போரலில் வாரத்துக்கும் அதன் வருடத்துக்கும் தனித்தனிப் பண்புகள் இருக்கின்றன.

லைப்ரரி எதுவும் இல்லாமல் நானே கணக்கிட முடியுமா?

முடியும், நான்கு வரிதான். தேதியின் வாரத்து வியாழனுக்குப் போங்கள். அந்த வியாழனின் வருடம்தான் வார வருடம். வியாழன் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்று பார்த்து, ஒன்றைக் கழித்து, ஏழால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டினால் வார எண். 2027 ஜனவரி 1-க்கு வியாழன் 2026 டிசம்பர் 31, 365-ஆவது நாள். 364-ஐ ஏழால் வகுத்தால் 52, கூட்ட 1, ஆக 53.

திருப்பிப் போக, அதாவது வார எண்ணிலிருந்து திங்கட்கிழமையைக் கண்டுபிடிக்க, அந்த வருடத்து ஜனவரி 4 இருக்கும் வாரத்தின் திங்களை எடுத்து, வார எண்ணில் ஒன்று குறைத்து ஏழால் பெருக்கிக் கூட்டுங்கள். 2026, வாரம் 45: ஜனவரி 4 ஞாயிறு, அதன் திங்கள் 2025 டிசம்பர் 29, அதோடு 308 நாள், நவம்பர் 2. தீபாவளி அந்த வாரத்தின் கடைசி நாள்.

டேபிளில் வார எண்ணைச் சேமிக்கலாமா?

தேதியைச் சேமியுங்கள், வார எண்ணைத் தேவைப்படும்போது கணக்கிடுங்கள். வார அளவிலேயே தொகுக்க வேண்டுமென்றால் அந்த வாரத்தின் திங்கட்கிழமைத் தேதியைச் சாவியாக வைப்பது எனக்குத் தெரிந்தவரை மிகப் பாதுகாப்பான வழி: வரிசை கெடாது, வருட எல்லை தெரியவே தெரியாது, இரண்டு வாரங்களுக்கு இடையே எத்தனை வாரம் என்பது வெறும் கழித்தல். எண்ணையும் வைத்தே ஆக வேண்டும் என்றால் வார வருடத்தைத் தனி ஃபீல்டாகச் சேர்த்து வையுங்கள், எந்த விதிப்படி என்பதை ஃபீல்டின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வெளியே அனுப்பும்போது ஐஎஸ்ஓ எழுத்து வடிவம் 2026-டபிள்யூ45. ஒற்றை இலக்க வாரங்களுக்கு முன்னால் 0 கட்டாயம், இல்லாவிட்டால் 10-ஆம் வாரம் 2-ஆம் வாரத்துக்கு முன்னே வரிசையில் நிற்கும்.

நேர மண்டலம் இதில் எங்கே வருகிறது?

திங்கட்கிழமை விடியற்காலையில் வருகிறது. சர்வர் யுடிசியில் ஓடினால் இந்திய நேரம் திங்கள் காலை 5:30 வரை அதற்கு இன்னும் ஞாயிறுதான். அதற்குள் பதிவான ஆர்டர்கள் எல்லாம் போன வாரக் கணக்கில் சேரும். முதலில் உள்ளூர் தேதியாக மாற்றுங்கள், பிறகு வாரத்தைக் கேளுங்கள். இந்த வரிசை மாறினால் வாராவாரம் ஒரு சின்னத் தொகை இடம் மாறிக்கொண்டே இருக்கும், வருடக் கடைசிப் பிழையைவிட இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

போன வருடத்து இதே வாரத்தோடு ஒப்பிடும்போது 53-ஆம் வாரத்துக்கு என்ன செய்வது?

2025-க்கு 53-ஆம் வாரம் இல்லை, ஆகவே 2026-இன் 53-ஐ ஒப்பிட ஜோடி கிடையாது. எண்ணை வைத்து இணைக்காமல் தேதியிலிருந்து சரியாக 364 நாள், அதாவது 52 வாரம், பின்னே போய் ஒப்பிடுவது ஒரு வழி. அப்படிச் செய்தால் 53-ஆம் வாரம் 2026-இன் 1-ஆம் வாரத்தோடு ஜோடி சேரும், வருடமொத்தத்தில் அந்த வாரம் இருமுறை வருவதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் 4-5-4 என்று மாதங்களை வாரங்களாகப் பிரிக்கும் தனி நாட்காட்டியே வைத்திருக்கிறார்கள், அதிலும் 53 வார வருடம் உண்டு, 2023 அப்படிப்பட்டது. அவர்களுடைய வார எண்ணும் ஐஎஸ்ஓ எண்ணும் ஒன்றல்ல.

நம் ஊர் வியாபாரத்துக்கு வார ஒப்பீடு மட்டும் போதாது. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, ஐஎஸ்ஓ வாரம் 44. 2025-இல் அக்டோபர் 20, வாரம் 43. 2026-இல் வாரம் 45. துணிக்கடையின் 43-ஆம் வார விற்பனை 2026-இல் சரிந்துவிட்டது என்று ரிப்போர்ட் சொன்னால் பண்டிகை இரண்டு வாரம் தள்ளிப்போனதைத்தான் அது சொல்கிறது. தீபாவளிக்கு முன் எத்தனையாவது வாரம் என்று இன்னொரு ஃபீல்டு வைத்து ஒப்பிடுங்கள்.

ஜிபிஎஸ் வார எண்ணும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 1980 ஜனவரி 6 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வருட எல்லையே பார்க்காமல் எண்ணிக்கொண்டு போவது. பழைய செய்தி வடிவத்தில் பத்து பிட் மட்டும் ஒதுக்கியதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை 0-க்குத் திரும்பும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர்.

எந்தத் தேதிகளை வைத்து டெஸ்ட் எழுதுவது?

குறைந்தது இவை: 2024 டிசம்பர் 29 (2024, வாரம் 52) மற்றும் மறுநாள் 30 (2025, வாரம் 1); 2023 ஜனவரி 1 (2022, வாரம் 52); 2026 டிசம்பர் 31, 2027 ஜனவரி 1, ஜனவரி 3 (மூன்றும் 2026, வாரம் 53); 2027 ஜனவரி 4 (2027, வாரம் 1); 2028 டிசம்பர் 31 (2028, வாரம் 52, அமெரிக்க முறையில் 54). வார எண்ணை மட்டும் சரிபார்க்காமல் வார வருடத்தையும் சேர்த்தே சரிபாருங்கள். டெஸ்ட்டை ஒருமுறை இந்திய லொகேலிலும் ஒருமுறை ஜெர்மன் லொகேலிலும் ஓட்டுங்கள், விடை மாறினால் எங்கோ லொகேல் உள்ளே நுழைந்திருக்கிறது. அப்புறம் கோட் முழுவதும் நான்கு பெரிய ஒய்யைத் தேடிப் பாருங்கள், பக்கத்தில் வார எண் இல்லாமல் மாதமும் நாளும் இருந்தால் அங்கேயே சிறிய ஒய்யாக மாற்றிவிடலாம்.